உழைப்பிலா ஊதியம் உண்டா?

சென்ற ஆடித் திங்களில் ஒரு மாலைப் பொழுது. வீட்டுத் திண்ணையில் அமர்ந்து விடைத்தாள் திருத்திக் கொண்டிருந்தேன். பன்னீராண்டுகட்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்ற மாணவன் ஒருவன் தன் தாயுடன் வந்து வணங்கி நின்றான். செய்யாற்றுச் சிப்காட் வளாகத்தில் காலணித் தொழிற்சாலையொன்றில் வேலை பார்ப்பவன் அவன். நல்ல பிள்ளை, சொல் தவறாதவன்.

"ஐயா, வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறேன். இணையத்தில் வணிகம் தொடங்கப் போகிறேன். அம்மாவுக்கு இது விளங்கவில்லை. நீங்கள் எடுத்துச் சொன்னால் கேட்பார்கள்" என்றான்.

அந்த அம்மையார் தலைகுனிந்தபடியே சொன்னார்: "இருப்பது அரைக்காணி நிலம், ஐயா. அதை அடகு வைக்கச் சொல்கிறான்."

மெல்லக் கேட்டறிந்தேன். சென்னையில் ஒரு விடுதிக் கூடத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்திருக்கிறது. கட்டணம் 38,000 உருபா. அதை மூன்று தவணையாகக் கட்டி முடித்திருக்கிறான். ஆறு திங்களில் வேலையை விடலாம், ஓராண்டில் திங்களுக்கு ஓர் இலக்கம் வரும் என்று மேடையில் சொன்னார்களாம். அடுத்த படிநிலை வகுப்புக்கும் தொடக்கச் செலவுக்குமாக இன்னும் இரண்டு இலக்கம் வேண்டும் என்கிறான்.

நான் அவனை மூன்று கேள்விகள் கேட்டேன். என்ன பொருளை விற்கப் போகிறாய்? அதை யார் வாங்குவார்? ஒன்று விற்றால் எல்லாச் செலவும் போக உன் கையில் எவ்வளவு மிஞ்சும்?

மூன்றுக்கும் அவனிடம் விடையில்லை. எவ்வளவு வருவாய் வேண்டும் என்பது மட்டும் அவனுக்குக் காசு வரை தெரிந்திருந்தது. அந்த வருவாய் எதிலிருந்து வரும் என்பது தெரியவில்லை. வகுப்பில் அதைச் சொல்லித்தரவில்லை போலும்! அன்று அவனுக்குச் சொன்னவற்றையும், சொல்ல நேரமின்றி விட்டவற்றையும் தொகுத்து இவ்விதழ் அன்பர்கள் முன் வைக்கின்றேன். கரணியம், இத்தகைய பிள்ளை இன்று ஊருக்கு நூறு பேர் உளர்.

வணிகம் நமக்குப் புதிதன்று

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுகிறேன். தமிழிளைஞன் வணிகம் செய்யக் கூடாதென்றோ, இணையம் தீயதென்றோ நான் சொல்ல வரவில்லை. மாதச் சம்பளத்தையே பெரும்பேறாக எண்ணித் தேர்வு மேல் தேர்வு எழுதி முதுமை எய்தும் இளைஞரைக் கண்டு வருந்துகிறவன் நான். நம் முன்னோர் வணிகத்தில் யார்க்கும் பின்னடைந்தவர் அல்லர். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர் வாங்கும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் விற்கும்போது குறைவாகக் கொடாமலும் நடந்த நேர்மையைப் பட்டினப்பாலை பேசுகின்றது. மதுரையில் பகற்பொழுதுக்கு நாளங்காடியும் இரவுப்பொழுதுக்கு அல்லங்காடியும் இருந்தன. எகிப்து நாட்டுச் செங்கடல் துறையிலே பழந்தமிழ் எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன.

இவற்றைச் சொல்லிப் பெருமை கொள்வதோடு நாம் நின்றுவிடுகிறோம். அவ் வணிகர் எவ்வாறு கணக்கிட்டனர் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை. ஆசுதிரிய நாட்டு வியன்னா நகரத்து நூலகத்தில் ஒரு பாப்பிரசுத் தாள் இருக்கின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது; கிரேக்க மொழியில் எழுதப்பெற்றது. 1985ஆம் ஆண்டில் அறிஞர்கள் அதனைப் பதிப்பித்து வெளியிட்டனர். சேரநாட்டு முசிறித் துறையோடு நடந்த வணிகத்துக்காக வாங்கிய கடனைப் பற்றிய உடன்படிக்கை அது. செங்கடற்கரையில் இறங்கிய சரக்கைப் பாலைநிலத்தில் ஒட்டகத்தின்மேல் ஏற்றிச் செல்லுதல், வழியில் காவல், நீல ஆற்றில் படகு, அலெக்சாந்திரியாவில் அரசுக்குச் செலுத்த வேண்டிய நாலில் ஒரு பங்குச் சுங்கம், கடனைத் தீர்க்காவிடில் சரக்கு யாரைச் சேரும் என்பது ஆகிய அனைத்தும் அதில் பேசப்படுகின்றன.

மிளகும் யானைக் கோடும் பொன்னாக மாறுவதற்கு முன் இத்தனை செலவு இருந்தது. அச்செலவு அத்தனையும் முன்னரே தாளில் எழுதப்பட்டது. கடலைக் கடந்து பெருஞ்செல்வம் ஈட்டியவர் கனவை நம்பிக் கலம் ஏறவில்லை. கணக்கை நம்பி ஏறினர். இணையம் என்பது நம் காலத்துக் கடல். அதில் இறங்குவோனும் சுங்கம், படகு, காவல், கடன் நான்கையும் எண்ணியே இறங்க வேண்டும். நான் சொல்ல வந்த செய்தி இவ்வளவே. இணைய வணிகமும் வணிகமே. கடை வைத்தவனுக்கு வரும் வருவாய் எவ்வளவோ, எவ்வளவு பிந்தியோ, அவ்வளவே, அவ்வளவு பிந்தியே இதிலும் வரும்.

உட்கார்ந்தபடி பணமா?

உழைக்காமல் பணம் என்னும் தூண்டில் தமிழ்நாட்டுக்குப் புதியதில்லை. 2012ஆம் ஆண்டில் பெருந்துறையில் ஈமு என்னும் வெளிநாட்டுப் பறவையைக் காட்டி உழவர் பணத்தை வாங்கிய பண்ணைத் திட்டம் சரிந்தது. நிலத்தை விற்றுக் கொட்டகை போட்டவர், தீனிக்கு வழியின்றி நின்ற பறவைகளோடு நடுத்தெருவில் நின்றனர். பின்னர் ஆருத்ரா என்னும் பொன் வணிக நிறுவனம் திங்களுக்கு 30 விழுக்காடு வரை தருவதாகச் சொல்லிற்று. 2020 முதல் 2022 வரை ஏறத்தாழ ஓர் இலக்கம் பேரிடமிருந்து 2,438 கோடி உருபா திரட்டியதாகக் காவல்துறை வழக்குத் தொடுத்தது. நம் வடமாவட்டங்களில் அப் பெயரைக் கேட்டாலே பெருமூச்சு விடும் குடும்பங்கள் பல.

திங்களுக்கு 30 விழுக்காடு என்றால் என்ன பொருள்? ஓர் இலக்கத்தைப் போட்டு, வரும் வருவாயையும் அதிலேயே சேர்த்துக்கொண்டு போனால், பன்னிரண்டு திங்களில் அது 23 இலக்கத்தைத் தாண்டும். உலகில் எந்தப் பொன் வணிகன் இவ்வாறு ஈட்டுகிறான்? அவ்வாறு ஈட்ட வல்லவன் நம்மிடம் வந்து ஏன் கையேந்துகிறான்? எட்டாம் வகுப்புக் கூட்டுவட்டிக் கணக்கு இது. மதிப்பெண்ணுக்காகப் படித்தோம்; வாழ்க்கைக்காகப் படிக்கவில்லை.

இப்போது இத்தூண்டில் கைப்பேசிக்குள் வந்துவிட்டது. கோவையில் மை வி 3 ஆட்சு என்னும் நிறுவனம், செயலியில் விளம்பரம் பார்த்தால் நாள்தோறும் பணம் என்றது. கூடுதல் பணம் வேண்டின் கூடுதல் தொகை கட்டி உறுப்பினராக வேண்டும். மேலும் பலரைச் சேர்த்துவிட வேண்டும். காவல்துறை வழக்குப் பதிந்ததும் 2024 சனவரி 29 அன்று கோவை நீலம்பூரில் பல்லாயிரவர் திரண்டனர். எதற்கு? ஏமாந்தோம் என்று முறையிட அன்று. நிறுவனம் நல்லது, அதன்மேல் கைவைக்காதீர் என்று சொல்ல! குற்றம் உண்டா இல்லையா என்பதை வழக்குமன்றம் முடிவு செய்யும். நம் கவலை அத்திரளைப் பற்றியது. அதில் வந்த பெரும்பாலார் சிறுதொகை போட்ட ஏழைகளும் இல்லத்தரசிகளும் ஆவர். தாம் சேர்த்துவிட்ட உறவினர்க்கு என்ன விடை சொல்வது என்னும் அச்சமும் அவர்களைத் தெருவுக்கு இழுத்து வந்ததென்றே நான் நினைக்கின்றேன். இத்தகைய திட்டங்கள் பணத்தை மட்டும் கொண்டு போவதில்லை. அக்காள் தங்கை உறவையும் கொண்டு போகின்றன.

ஆளுக்கு ஐந்து பேரைச் சேர்க்க வேண்டும் என்ற திட்டத்தை எடுத்துக்கொள்வோம். முதற்படியில் 5 பேர். இரண்டாம் படியில் 25. மூன்றாம் படியில் 125. சிறிய எண்களாகத் தோன்றுகின்றன. பதினொன்றாம் படியில் மட்டும் 4 கோடியே 88 இலக்கம் பேர் வேண்டும். பன்னிரண்டாம் படியில் 24 கோடியே 41 இலக்கம் பேர் வேண்டும். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்கள்தொகை 7 கோடியே 21 இலக்கம். ஆதலின் தொட்டிலில் கிடக்கும் குழந்தையைச் சேர்த்தாலும் பன்னிரண்டாம் படி நிரம்பாது. கடைசிப் படியில் நிற்பவன் இழந்தே தீர்வான். கடைசிப் படியில்தான் எப்போதும் மிகப் பலர் நிற்பர். இதனாலன்றோ ஆளைச் சேர்த்துப் பணம் பெறும் சுழற்சித் திட்டங்களை 1978ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது! 2021ஆம் ஆண்டு நேரடி விற்பனை நெறிமுறைகளும் இவற்றைத் தடுக்கின்றன. சட்டம் இருக்கிறது, எண்ணிப் பார்க்கும் பழக்கம்தான் நம்மிடம் இல்லை.

வலையொளியும் என் பட்டறிவும்

இவை ஏமாற்று, இவற்றை விடுவோம். நேர்மையான வழிகளுக்கு வருவோம். இன்று நம் இளைஞர் நெஞ்சில் முதலிடம் பெறுவது யூடியூப் என்னும் வலையொளி. முழுநிலா நாளில் நம் மலைவலப் பாதையில் நடந்து பாருங்கள். பதினான்கு அயிரமாத்திரி தொலைவும் கைப்பேசியைக் கோலில் மாட்டிப் பேசிக்கொண்டு நடப்போரைக் காணலாம். துறவியரை மறித்துப் படம் எடுப்போர் எத்தனை பேர்! ஒவ்வொருவர் உள்ளத்திலும் புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்னவீரமங்கலம் இருக்கிறது. அவ்வூரினர் 2018இல் தொடங்கிய சிற்றூர்ச் சமையல் வலையொளி, 2021இல் ஒரு கோடிப் பின்தொடர்வோரைப் பெற்றது. தமிழ் வலையொளிகளுள் அவ்வளவை முதலில் எட்டியது அதுவே. பெருந்தொற்றுத் துயர்தீர்ப்புக்கென முதலமைச்சர் நிதிக்கு 10 இலக்கம் உருபாவும் அவர்கள் வழங்கினர். தமிழிலேயே பேசி, தம் வயலிலேயே நின்று, ஊரார்க்குச் சோறிட்டு உயர்ந்தவர்கள் அவர்கள். பாராட்டுவோம். ஆயின் ஒரு கோடியை எட்டியவரை நாம் பார்க்கிறோம். ஓராயிரத்தையும் எட்டாமல் ஓய்ந்தவரை யார் பார்க்கிறார்? மலையுச்சி எல்லார் கண்ணுக்கும் தெரியும்; அடிவாரத்தில் களைத்து அமர்ந்தவன் தெரியான்.

விளம்பர வருவாயில் பங்கு பெற அந்நிறுவனம் வைத்துள்ள வாயிற்படி இது: 1,000 பின்தொடர்வோர் வேண்டும், பன்னிரண்டு திங்களுக்குள் 4,000 மணி நேரம் மக்கள் பார்த்திருக்க வேண்டும், அல்லது குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடிப் பார்வை வேண்டும். அதன்பின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு நமக்கு, எஞ்சியது அவர்களுக்கு. குறுங்காணொளியாயின் நமக்கு 45 விழுக்காடு. அந்தப் பங்கும் 100 அமெரிக்கத் தாலர் சேர்ந்த பின்னரே கைக்கு வரும்.

இதை நான் நூலில் படித்துச் சொல்லவில்லை. 2021இல் பள்ளிகள் பூட்டிக்கிடந்த காலத்தில், மேலாண்மையின் இசைவு பெற்று, புணர்ச்சி இலக்கணப் பாடங்களை வலையொளியில் ஏற்றத் தொடங்கினேன். ஆயிரம் பேர் சேரப் பத்தொன்பது திங்கள் ஆயின. முதல் நூறு தாலர் சேர மேலும் பதினான்கு திங்கள் ஆயின. அதற்குள் 140 பாடங்கள் ஏற்றியிருந்தேன். ஒரு பாடத்துக்கு எழுதவும் பேசவும் திருத்தவும் ஆறு மணி நேரம். ஆக 840 மணி நேர உழைப்புக்கு வந்த தொகை ஏறத்தாழ 8,300 உருபா. மணிக்குப் பத்து உருபா! எங்கள் ஊரில் களையெடுக்கும் அம்மையார் இக்கூலியைக் கேட்டால் நகைப்பார்.

நான் வருந்தவில்லை. மலேசியாவிலும் ஈழத்திலும் உள்ள பிள்ளைகள் ஐயம் கேட்டு எழுதுகின்றனர். அதுவே எனக்குக் கூலி. ஆயினும் என் வீட்டு உலை பள்ளிச் சம்பளத்தில் கொதித்தது; வலையொளியில் கொதிக்கவில்லை. இலக்கணத்தை விட்டுத் திரைப்படச் செய்தி பேசியிருந்தால் கூடுதலாக வந்திருக்கும் என்பீர்கள். வந்திருக்கலாம். இழிசொல் பேசினால் இன்னும் விரைவாக வரும். 2021ஆம் ஆண்டில், விளையாட்டு நேரலையில் இழிசொல் பேசியே பெரும்பணம் சேர்த்த வலையொளியாளர் ஒருவர் தருமபுரியில் தளைசெய்யப்பட்டதை நாடறியும். விரைந்து வரும் வழி எதுவென அறிந்தும் அதில் செல்லாதவன் மெல்லத்தான் செல்ல வேண்டும்.

தமிழில் செய்வோர்க்கு மற்றொன்றும் உண்டு. வலைத்தளங்களில் விளம்பரம் இட்டுப் பணம் தரும் கூகுள் நிறுவனத்தின் ஏற்பாடு இந்திக்கு 2014இலும் வங்கத்துக்கு 2017இலும் கதவு திறந்தது. தமிழுக்கு 2018இல்தான் திறந்தது. அதற்கு முன்னரே பணம் கருதாது பதினைந்து இருபது ஆண்டு இணையத்தில் தமிழ் வளர்த்தவர் பலர். அவர்கள் இட்ட அடித்தளத்தின் மேல்தான் இன்று நாம் கடை விரிக்கின்றோம் என்பதை மறவற்க.

ஒரு பாயின் கணக்கு

இனிப் பொருள் விற்கும் வழி. நம் மாவட்டத்தில் விற்பதற்கா பஞ்சம்? ஆரணியில் பட்டு, வந்தவாசியில் கோரைப்பாய், சவ்வாது மலையில் சாமையும் தேனும் புளியும்! வந்தவாசிப் பக்கத்தைச் சேர்ந்த என் பழைய மாணவி ஒருத்தி, முகநூலிலும் புலனத்திலும் படம் போட்டுக் கோரைப்பாய் விற்கிறாள். தொடங்கிய நான்காம் திங்களில் தன் கணக்கேட்டை என்னிடம் காட்டினாள். அவள் இசைவுடன் அதை இங்குத் தருகின்றேன். இவ்விதழில் வேறு எதனை மறந்தாலும் இதனை மறவாதீர்.

அத்திங்களில் 40 பாய்களுக்கு ஆணை வந்தது. ஒன்று 650 உருபா. ஆக 26,000 உருபா விற்பனை என்று வீட்டார் மகிழ்ந்தனர். பொருள் கைக்கு வந்தபின் பணம் என்ற முறையில் கேட்டவருள் 6 பேர் பாயை வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டனர். விற்றது 34, வந்த பணம் 22,100. நெய்தவர்க்குப் பாய் ஒன்றுக்கு 380 வீதம் 12,920. திரும்பி வந்தவற்றுள் 2 பாய்கள் கிழிந்துபோயின, அவ்விழப்பு 760. நாற்பதையும் அனுப்பிய தூதஞ்சல் செலவு 110 வீதம் 4,400. திரும்பி வந்த ஆறுக்கு 90 வீதம் 540. சாக்கும் கயிறும் பாய் ஒன்றுக்கு 20 வீதம் 800. முகநூல் விளம்பரம் 1,500. கூட்டினால் செலவு 20,920. மிச்சம் 1,180 உருபா!

நாளுக்கு மூன்று மணி நேரம் உழைத்தாள். 26,000 என்பது அவள் வாயில் வழியாகப் போன பணம். 1,180 என்பதே அவள் வீட்டில் தங்கிய பணம். மேடையில் பேசுவோர் எப்போதும் முதலெண்ணைச் சொல்வர். இரண்டாம் எண்ணைச் சொல்லார். யாரேனும் "இணையத்தில் திங்களுக்கு இரண்டு இலக்கம்" என்றால், "விற்பனையா? மிச்சமா?" என்று கேளுங்கள். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

தூதஞ்சல் செலவு ஏன் இவ்வளவு என்று வியந்தேன். அவளே விளக்கினாள். பாய் எடை குறைந்தது. ஆனால் இடம் அடைப்பது. பொதியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் நூற்றுக்கூற்று மாத்திரியில் அளந்து பெருக்கி, 5,000ஆல் வகுத்து வரும் எண்ணையே பல நிறுவனங்கள் எடையாகக் கொள்கின்றன. சுருட்டிய பாய் 90 நீளம், 12 அகலம், 12 உயரம் என்றால் இரண்டரை அயிரக்கல்லுக்கு மேல் வரும். தராசில் அது ஒன்றரைதான். காற்றுக்கும் கூலி கொடுத்தாள் என் மாணவி!

அவள் சோரவில்லை. தொலைவூர்களுக்கு முன்பணம் பெற்றே அனுப்புவதென்று மாற்றினாள். ஒரே பொதியில் இரண்டு பாய்களைச் சேர்த்துச் சுருட்டி இணையாக விற்றாள். ஒருமுறை வாங்கியவர் எண்களைக் குறித்து வைத்து, மணம் முதலிய நிகழ்ச்சிகளுக்கு மொத்தமாகக் கேட்டுப் பெற்றாள். விளம்பரச் செலவைக் குறைத்தாள். இரண்டாம் ஆண்டு முடிவில் திங்களுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் மிஞ்சுகிறது. திருவிழாக் காலத்தில் பத்தாயிரத்தைத் தொடுகிறது. கணவன் வருவாயோடு இது பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகின்றது. இதுவே உண்மையான வெற்றி. இதை எந்த மேடையிலும் ஏற்றிக் காட்டமாட்டார்கள். ஆறாயிரத்தைக் காட்டி 38,000 கட்டணம் வாங்க முடியுமா?

அமேசான், பிளிப்கார்ட்டு, மீசோ முதலிய பேரங்காடித் தளங்களில் விற்பதாயின் கூட்டம் கூடுதல். அவர்தம் தரகும் பிற கட்டணங்களும் திருப்பி அனுப்பல் செலவும் அதற்கேற்ப உண்டு. மாநிலத்துக்குள் மட்டும் அவ்வழி விற்கும் சிறு வணிகர்க்கு 2023 அத்தோபர் முதல் சரக்கு பணிகள் வரிப் பதிவில் நெகிழ்வு தரப்பட்டுள்ளது. இவற்றின் உடன்படிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். விளங்காத மொழியில் கையெழுத்திடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்குவதை ஒக்கும். தமிழறிந்த கணக்கரிடம் ஒருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சேருங்கள். தமிழ்நாட்டில் தமிழரிடம் வணிகம் செய்யும் நிறுவனம் தன் நெறிமுறைகளைத் தமிழில் தரவேண்டும் என்று கேட்பதும் நம் கடமையே.

இளைஞர்க்குச் சில சொற்கள்

வரவிருக்கும் ஊதியத்தை நம்பிக் கையிலிருக்கும் முதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்பது தெரிந்துசெயல்வகையில் வள்ளுவர் கருத்து. அதனை இக்காலத்துக்கு ஏற்ப விரித்தால் இவ்வாறு அமையும்:

1. இருக்கும் வேலையை விடாதே. இரண்டாண்டு மாலையிலும் ஓய்வு நாளிலும் செய்துபார். அதன் மிச்சம், ஓராண்டு தொடர்ந்து, உன் சம்பளத்தை எட்டினால் அப்போது வேலையை விடுவதைப் பற்றி எண்ணு.

2. முற்றும் போனாலும் வீட்டில் அடுப்பு எரியும் என்ற அளவுத் தொகையையே முதலாகப் போடு. நிலத்தையும் தாயின் நகையையும் அடகு வைத்துத் தொடங்காதே. வட்டி ஞாயிற்றுக்கிழமையும் உழைக்கும். உன் கடை உழைக்காது.

3. முதல் நாளிலிருந்து கணக்கு எழுது. உன் உழைப்பு மணிகளையும் அதில் எழுது. உன் நேரத்துக்கு விலையில்லை என்று எண்ணுவதால்தான் இழப்பும் ஈட்டமாகத் தோன்றுகிறது.

4. வேலை தருகிறேன், வருவாய் தருகிறேன் என்று சொல்லி உன்னிடமே முன்பணம் கேட்பவனை விட்டு விலகு. கூலி கொடுப்பவன் கூலியாளிடம் பணம் வாங்குவதில்லை.

5. வணிகம் கற்றுத்தருவோரிடம், "நீர் கற்றுத்தரும் வணிகத்தில் ஈட்டியது எவ்வளவு? கற்றுத்தருவதில் ஈட்டியது எவ்வளவு?" என்று கேள். நெல் விளையாத ஆண்டிலும் மரக்கால் விற்பவனுக்கு ஊதியம் உண்டு.

6. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதே. இணையவழிப் பணமோசடிக்கு 1930 என்னும் எண் இருக்கிறது. எவ்வளவு விரைந்து அழைக்கிறாயோ அவ்வளவுக்குப் பணத்தை இடையில் நிறுத்தும் வாய்ப்பு உண்டு.

ஆசிரிய நண்பர்கட்கும் ஒரு சொல். செய்யுளும் உரையும் சொல்லித்தரும் நாம், ஒரு பொருளின் அடக்கவிலை கண்டறியும் கணக்கையும் தமிழில் சொல்லித்தர வேண்டும். தமிழ் படித்தவன் ஏமாளி என்னும் பழி நம் மாணவனுக்கு வரலாகாது. தாய்மொழியில் தெளிவாக எண்ணத் தெரிந்தவனை எவனும் பிறமொழிச் சொல்லால் மயக்க முடியாது.

அன்று அம்மாணவனிடம் நான் நிலத்தை அடகு வைக்கலாம் என்றும் சொல்லவில்லை. வணிகமே வேண்டாம் என்றும் சொல்லவில்லை. "மூன்று கேள்விக்கும் விடை எழுதிக்கொண்டு வா, பிறகு பேசுவோம்" என்று அனுப்பினேன். போகும்போது அவன் முகம் வாடியிருந்தது. அந்த அம்மையார் மட்டும் வாயிலில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

இரண்டு முழுநிலா கழிந்து அவன் மீண்டும் வந்தான். வேலையை விடவில்லை. கையில் பள்ளிக் குறிப்பேடு ஒன்று. சவ்வாது மலையிலிருந்து சாமையரிசி வாங்கி, ஓர் அயிரக்கல் பையாகக் கட்டி, தன் தொழிற்சாலைத் தோழர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் புலனம் வழி விற்பதாகக் கணக்குப் போட்டிருந்தான். படித்துப் பார்த்தேன். பையின் விலையை விட்டுவிட்டான். தான் சமுனாமரத்தூர் போய்வரும் பேருந்துக் கட்டணத்தையும் விட்டுவிட்டான். இரண்டையும் சேர்த்தால் பைக்கு ஒன்பது உருபாதான் மிஞ்சும்.

"ஒன்பது உருபாவா, ஐயா?" என்றான்.

"ஆம். அந்த ஒன்பதும் உன்னுடையது. அதிலிருந்து தொடங்கு" என்றேன்.

சிவப்பு மையால் திருத்தி, பக்கத்தின் அடியில் கையெழுத்திட்டு, குறிப்பேட்டை அவனிடம் திருப்பிக் கொடுத்தேன்.